படுத்தால் வரும் மூச்சு

ஓட்டல் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவருக்குக் 'கட்டில்' என்று பேர் வைத்துவிட்டார்கள். நாலு சட்டை தேய்த்தால் போதும், அழுக்குப் போர்வை மூட்டை மேல் கால் நீட்டிப் படுத்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்து எழுந்து வருவார்.

"நின்னா மூச்சு வாங்குது, படுத்தா சரியாயிடுது" என்று அவர் சொன்னபோது அந்த அறையே சிரித்தது.

"எனக்கும் அதே வியாதிதான் கட்டிலு!" என்றான் துணி மடிக்கிறவன். வீட்டில் மனைவியும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டாள்.

இப்படியே நாலு வருஷம். இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒரு டாக்டர் ஆஸ்துமா என்று உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். இன்னொருவர் மனசுதான் காரணம் என்று தூக்க மாத்திரை எழுதினார். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்களிடம் "சோம்பேறித்தனம்தான், வேறென்ன" என்று அவரே சொல்ல ஆரம்பித்தார்.

நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனது மகள். அங்கிருந்த டாக்டரம்மா பழைய சீட்டுகளை ஒதுக்கிவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்.

"உதட்டுல இந்தச் சிவப்புப் புள்ளியெல்லாம் எப்பலேர்ந்து?"

"ரொம்ப வருஷமா இருக்கும்மா."

"மூக்குல ரத்தம் வருமா?"

"சின்ன வயசுலேர்ந்து வரும். எங்கம்மாவுக்கும் வரும். சூட்டு உடம்பு."

ஆக்சிஜன் அளக்கும் கருவியை விரலில் மாட்டிப் படுக்கவைத்தார். தொண்ணூற்று நாலு. எழுப்பி உட்காரவைத்தார். எண் இறங்கி இறங்கி எண்பத்து நாலில் வந்து நின்றது.

"நீங்க சொன்னது நிஜம்தான்" என்றார் டாக்டரம்மா.

அவருக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளக்கூட அலுப்பாக இருந்தது.

அன்றைக்கே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் அடிப்பக்கம் ரத்தக் குழாய்கள் புழு மாதிரி சுருண்டு கிடந்தன. குடும்பத்தில் வழிவழியாக வருகிற அபூர்வ நோயாம்; மூக்கு ரத்தமும் உதட்டுப் புள்ளியும் அதன் அடையாளம்தானாம். ரத்தம் காற்றைத் தொடாமலே அந்தச் சுருள் வழியாக ஓடிவிடுகிறது. நிமிர்ந்தால் இன்னும் அதிகமாக ஓடும்.

வெளியே பெஞ்சில், கூட வந்திருந்த மனைவி கேட்டாள்: "அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன். நீயும் சிரிச்ச."

அவள் ஸ்கேன் படத்தைப் பையிலிருந்து எடுத்தாள், மறுபடி உள்ளேயே வைத்தாள்.

தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு, அந்தச் சுருள்களை அடைத்தார்கள். அடுத்த மாதம் அவர் ஷிப்டு முழுக்க நின்று தேய்த்தார். சிரித்தவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

மகளுக்கும் மூக்கில் ரத்தம் வருவதுண்டு. அவளுக்கும் ஸ்கேன் எடுத்ததில் ஒரே ஒரு சின்னச் சுருள் தெரிந்தது.

"இப்போதைக்கு விட்டுவைக்கலாம். மூணு வருஷம் கழிச்சு மறுபடி பாப்போம்" என்றார் டாக்டரம்மா.

"பசிக்குதுப்பா, போலாம்" என்றாள் மகள்.

லிஃப்ட் ஓடவில்லை. அவள் முன்னால் போக, அவள் மூச்சையே கேட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார் அவர்.