ரெண்டுல ஒண்ணு

ரோட்டர்டாமில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஆறு அகலமாக ஓடுகிறது. சனிக்கிழமைகளில் யான் என்ற பெரியவர் அங்கே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து தூண்டில் போடுவார். நான் வேலை செய்யும் துறைமுகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் முழங்கை நீளத்துக்கு ஒரு மீனை இழுத்தார். ஈரத்துணியில் பிடித்து முள்ளைக் கழற்றி, முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, மெதுவாக ஆற்றிலேயே விட்டுவிட்டார். நோய் பிடித்த மீனோ என்று கேட்டேன். இல்லை, நல்ல மீன் என்றார். பிறகு ஏன் விட்டீர்கள் என்றேன். அவருக்கு என் கேள்வி புரியவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் மீன் பிடிக்கிறவர்கள்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "அருமை! குடும்பத்தோடு பொழுதுபோக்கா?" என்று தோளைத் தட்டினார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். திருத்திச் சொல்லும் அளவுக்கு எனக்கு டச்சு மொழி வரும். சொல்லத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் பல விஷயங்கள் எனக்கு அப்படித்தான் ஆகிவிட்டன.

எங்கள் குப்பம் சென்னைக்கு வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டியது. அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அக்கா செல்வியும் அவள் வீட்டுக்காரர் தேசப்பன் மாமாவும்தான் என்னை வளர்த்தார்கள். மாமா ஆற்றில் இறால் பிடிப்பார், அக்கா அதைக் கூடையில் வைத்து விற்பாள். அந்த இறால்தான் என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தது. பிறகு மணலியில் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் வேலை. அங்கே கற்றுக்கொண்ட தொழில்தான் என்னை இங்கே கிரேன் பழுதுபார்க்கும் வேலைவரை கொண்டுவந்து சேர்த்தது. ஆகவே ஆறும் புகைக்கூண்டும் சேர்ந்து வளர்த்த ஆள் நான். இதைச் சொல்லாமல் மற்றதை எழுதினால் அது நேர்மையாக இருக்காது.

சில வருடங்களுக்கு முன் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, முகத்துவாரத்துக்கு அருகில் துறைமுகத்துக்குப் புதிய சரக்கு முனையம் கட்டுவது பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்திருந்தார்கள். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் போலீஸ். ஒரு பக்கம் எங்கள் குப்பத்து ஜனங்கள். மறுபக்கம் திருவொற்றியூரில் இருந்து வந்த லாரிக்காரர்களும், டிப்ளமா முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகளும். "நம்ம குமாரு பாரின் போர்ட்ல கீறான். அவன் பேசுனா எடுபடும்" என்று சொல்லி மாமா என்னை எழுப்பிவிட்டார்.

மைக்கைப் பிடித்து, அனல்மின் நிலையத்தின் சாம்பல் சேறு படிந்து ஆறு கணுக்காலளவு ஆகிவிட்டதையும், இறால் ஒதுங்கிப்போனதையும் சொன்னேன். மேசையின் நடுவில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை.

"தம்பி, நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

"ரோட்டர்டாம் துறைமுகத்துல, சார்."

"அந்தத் துறைமுகம் வேணாம்னு அந்த ஊர் ஜனங்க அன்னிக்குச் சொல்லியிருந்தா, இன்னிக்கு உங்களுக்கு வேலை இருந்திருக்குமா?"

லாரிக்காரர்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. எங்கள் பக்கத்திலும் சிலர் சிரித்தார்கள். நாட்டுக்கு ஏற்றுமதி வேண்டும், மின்சாரம் வேண்டும், அதோ உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று அவர் தொடர்ந்தார். அவர் சொன்னதில் எதுவும் பொய்யில்லை. மைக்கைக் கீழே வைத்தேன்.

அக்கா எழுந்து வந்து அதை எடுத்தாள்.

"அவனாண்ட இன்னா சார் கேக்குற, என்னாண்ட கேளு. எம் பொண்ணு படிச்சிட்டு வூட்ல குந்திகினு கீது. அதுக்கு வேலையும் வோணும், எங்க வூட்டுக்காரருக்கு ஆறும் வோணும். மெயின் சிட்டில கீறவங்களாண்ட போயி, கரண்ட் வோணுமா மூச்சு வோணுமா, ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னு எவனாச்சும் கேட்டானா? எங்களாண்ட மட்டும் இன்னாத்துக்கு சார் கேக்குறீங்க?"

முதலில் கைதட்டியது ஒரு லாரி டிரைவர். அதிகாரி தலையசைத்தார். அம்மாவின் கருத்து பதிவாகிவிட்டது என்று சொல்லி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அனுமதி கிடைத்தது. ஆற்றைத் தூர்வாரித் தர வேண்டும், குப்பத்துக்காரர்களுக்கு வேலை தர வேண்டும் என்று நிபந்தனைகளும் போட்டார்கள். முனையம் எழும்பிவிட்டது. தூர்வாரும் இயந்திரம் இன்னும் வரவில்லை. அக்கா மகளுக்கு அங்கே வேலை இல்லை என்றார்கள். மாமாவுக்குத்தான் கொடுத்தார்கள், ஒப்பந்தத்தில் கேட் செக்யூரிட்டி. அவர் படகை விற்றுவிட்ட செய்தியை போனில் சொன்னபோது நான் கிரேன் மேல் இருந்தேன். "பேஜாரு இல்லாத வேல மச்சான். சும்மா குந்திகினு கீறேன்" என்றார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. விட்ட இடத்தில் இருந்து போல்ட்டை முறுக்கினேன்.

இதையெல்லாம் ஒருநாள் யானிடம் முழுதாகச் சொன்னேன், பொழுதுபோக்கு இல்லை என்பது உட்பட. அவர் தூண்டில் நூலைச் சுருட்டி வைத்தார். பிறகு, தான் சிறுவனாக இருந்தபோது இந்த ஆறும் நாறிக் கிடந்தது என்றார். நாட்டில் பணம் சேர்ந்தது, சட்டங்கள் வந்தன, ஆறு தெளிந்தது, உங்கள் ஊரிலும் அப்படி ஆகும் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நாறிக் கிடந்த அந்தக் காலத்தில், இதில் மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன்.

"தெரியவில்லை. வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்."

போன வாரம் மதிய இடைவேளையில் மாமா வீடியோவில் வந்தார். அங்கே சாயங்காலம். ஆரஞ்சு நிற ஜாக்கெட், மஞ்சள் ஹெல்மெட். நானும் அதேதான் போட்டிருந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் கன்டெய்னர்கள் அடுக்கியிருந்தன, என் முதுகுக்குப் பின்னாலும். லைனில் சேர்ந்துகொண்ட அக்கா, "இன்னாடா, ரெண்டு பேரும் ஒரே கம்பெனி மாரி கீறீங்க" என்றாள். சிரிப்பதற்குள் நெட்வொர்க் தடுமாறியது. திரையில் எங்கள் முகங்கள் இருந்த கட்டங்கள் எல்லாம் உறைந்து நின்றன. "மச்சான், கேக்குதா?" என்று மாமாவின் குரல் மட்டும் வந்தது. அவர் உதடு அசைகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை.