அயுத்தயாவுக்கு யார் கூட்டிப்போவது?

டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் உணவுத் தட்டுகளை அடுக்கும் கௌசலாவுக்கு ஒரே ஆசை. தை மாதம் மொன்றியலிலிருந்து தாய்லாந்தின் அயுத்தயாவுக்குப் போகும் இருபது தமிழருக்கு வழிகாட்டியாகப் போகவேண்டும். பயண முகவர் சிவராசா மசிகிற ஆளில்லை. டிக்கெட் போடப் போன நான் அவருடைய அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, விசா முடிஞ்சு ஆறு வருசம் அயுத்தயாவில பொலிசுக்குப் பயந்து ஒளிச்சிருந்தனீங்கள். ஊரை எப்பிடிப் பாத்திருப்பீங்கள்?"

மனிதர் இப்படியா பட்டென்று கேட்பது! எனக்குக் கோபமே வந்தது. கௌசலா அசரவில்லை.

"ஒளிக்க அதைவிட நல்ல இடம் இல்லை, அண்ணை. நாள் முழுக்க வெளிநாட்டுக் கூட்டம். அதுக்குள்ள நானும் ஒரு ஆள்."

பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு நகரம், அயோத்தியின் பெயரைச் சூட்டிக்கொண்டு நானூறு வருடத்துக்கு மேல் தலைநகராக இருந்தது, 1767இல் பர்மியப் படை எரித்துவிட்டுப் போனது. வத் மகாதாத் கோயிலில் ஒரு புத்தரின் தலையை மரவேர்கள் பிடித்து வைத்திருக்கின்றன. அதனோடு நின்று படம் எடுத்துக்கொள்பவர் குந்தவேண்டும், புத்தருக்கு மேலே நம் தலை உயரக்கூடாது. மாலை வெயிலில் பார்க்க ஆற்றங்கரையில் வத் சாய்வத்தனாராம் கோயில். கழிவறை எங்கே என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. திருகோணமலையில் பிறந்தவள் சொந்த ஊரைச் சொல்வதுபோல் சொன்னாள்.

சிவராசா வழிகாட்டி என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினார். "சரி, நீங்கள்தான் போறீங்கள். விளம்பரத்துக்கு நீங்கள் அங்க நிக்கிற படம் ஒண்டு தாங்கோ."

"ஒண்டும் இல்லை. எத்தினையோ பேரைக் குந்தவைச்சு எடுத்துக் குடுத்தனான். ஒண்டிலயும் நான் இல்லை. படத்தில முகம் விழுந்தா ஆராவது காட்டிக் குடுப்பினம் எண்டு பயம்."

"அப்ப இப்ப எடுப்பம்." அவர் போனைத் தூக்கினார்.

கௌசலா சட்டென்று எழுந்து, "தாங்கோ, நான் எடுக்கிறன்" என்று கையை நீட்டியபடி அவருக்குப் பின்னால் போய் நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கணமே வெட்கமாகிப்போனது. பதினொரு வருடம் இந்த நாட்டில் இருந்து, கனேடியக் கடவுச்சீட்டும் எடுத்தாயிற்று. இன்னும் அந்தப் பயம் போகவில்லை.

தான் நிற்கும் இடத்தை அவளே கவனித்தாள். கம்பளித் தொப்பியைக் கழற்றினாள். சுவரோரம் போய் நிமிர்ந்து நின்றாள்.

"எடுங்கோ அண்ணை. கீழ என்ர பேரை முழுசாப் போடுங்கோ."