அப்பாவின் இடது கை

புது கேசட்டின் மேலுறையைக் கிழிக்கும்போது ஒரு வாசனை வரும். அந்தமானில் எங்கள் ஊருக்கு வந்த கேசட்டுகளில் அதோடு கப்பல் கிடங்கின் ஈரமும் சேர்ந்திருக்கும். மெட்ராஸ் கப்பல் வந்த மறுநாள் அபர்தீன் பஜாரில் காதர் பாய் தன் கடையின் அட்டைப் பெட்டிகளை உடைப்பார். சிப்பிகாட்டில் பண்ணை வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும் அம்மா, வீட்டுக்குப் போகாமல், பள்ளிக்கூடம் விட்டு நிறுத்தத்தில் காத்திருக்கும் என்னையும் இழுத்துக்கொண்டு நேரே அங்கேதான் போவாள். பாடியது யார், எந்தப் படம், எந்த மொழி என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டே இல்லை. டிரம்ஸை மட்டும்தான் கேட்பாள்.

என் அப்பா தங்கவேல் ஒரு டிரம்மர். பெயர் பெற்ற டிரம்மர் என்று நினைத்துவிட வேண்டாம். கூப்பிட்ட இடத்துக்குப் போய், கேட்ட தாளத்தை வாசித்துக் கொடுத்துவிட்டு வரும் "செஷன்" ஆள். கேசட் அட்டையில் அவர் பெயர் வராது. போர்ட் பிளேயரில் இருந்தவரைக்கும் அவர் வாசிக்காத கூட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் பாடகர் குழுவுக்கு வாசிப்பார், துர்கா பூஜை வந்தால் பெங்காலிகளோடு தோளில் டாக் மேளம் மாட்டிக்கொண்டு நிற்பார், தெலுங்குக்காரர் கல்யாணம், மலையாளிகளின் ஓணம், பங்குனி உத்திரத்துக் காவடி, ஓட்டலில் சுற்றுலாக்காரர்களுக்கு இங்கிலீஷ் பாட்டு என்று எதற்கும் மாட்டேன் என்றதில்லை. அவரவர் அவரைத் தங்கள் ஆளென்றே நினைத்தார்கள். பக்கத்து வீட்டு பெங்காலிப் பெரியவர் அம்மாவை வழியில் நிறுத்தி அப்பாவைப் பற்றி பெங்காலியிலேயே நெடுநேரம் பேசுவார். ஒரு வார்த்தை புரியாமல் அம்மா தலையை ஆட்டிக்கொண்டு நிற்பாள்.

எல்லோர் மாதிரியும் வாசித்தவரிடம் அவருடையதென்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இளவயதில் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தபோது இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் நசுங்கி, பிறகு மடங்காமலே போய்விட்டன. அதனால் இடக்கைக் குச்சி ஓர் அடியில் மயிரிழை பிந்தி விழும். மற்றவர்களுக்கு அது தெரியாது, தாளம் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தது போல சுகமாக இருக்கும், அவ்வளவுதான். அம்மாவுக்குத் தெரியும். "அந்த எடத்துல அவுக கை யோசிக்கும்" என்பாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே "யோசனை".

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பா பாட்டுப் பதிவுகளுக்கென்று "மெயின்லேண்ட்" போனார். மெட்ராஸில் அவருக்கு வேலை இருந்தது. காதர் பாய் கடைப் போனுக்கு வாரம் தவறாமல் கூப்பிடுவார், வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் வந்து எல்லோரையும் பார்த்துவிட்டுப் போவார். பிறகு ஒரு மழைக்காலத்தில் போன் வருவது நின்றது. வடக்கே திக்லிபூரில் பாக்குத் தோட்டம் வைத்திருந்த என் மாமா, அம்மாவின் அண்ணன், இதற்காகவே கப்பலேறிப் போய் விசாரித்துவிட்டு வந்தார். தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டாராம். பம்பாய் போனதாக ஒருவர் சொன்னார், ஏதோ குழுவோடு வெளிநாடு போனதாக இன்னொருவர் சொன்னார், உறுதியாக யாரும் சொல்லவில்லை.

அம்மா கலங்கவில்லை. அவளிடம் சாட்சி இருந்தது. அடுத்த கப்பலில் வந்த கேசட்டில் அப்பா வாசித்திருந்தார். அதற்கடுத்த கப்பலிலும்தான்.

"நயா மால், புதுசு தங்கச்சி. கேட்டுப் பாரு" என்று காதர் பாய் போட்டுக் காட்டுவார். அம்மா கல்லாவின் மேல் விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். யோசனை வரும் இடத்தில் என் கையை ஒரு அமுக்கு அமுக்குவாள். எனக்கும் காது பழகிவிட்டது. தமிழ்ப் பாட்டில் கேட்டோம், பிறகு தெலுங்கில், பெங்காலி பக்திப் பாட்டில், ஒரு சோப்பு விளம்பரத்தில்கூட. நாளாக ஆக அவர் வாசித்த பாட்டுகள் கூடிக்கொண்டே போயின. "தூங்கக்கூட நேரமில்லாம வாசிக்காகபோல. அதான் போன் பண்ண முடியல" என்றாள் அம்மா. கோபம்கூடக் கொஞ்சம் பெருமையோடுதான் வந்தது.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறை திக்லிபூரிலிருந்து பஸ்ஸில் இடுப்பொடிய வந்து இறங்கும்போதும் அதே பேச்சுத்தான். எத்தனை நாள் காத்திருப்பாய், ஆளில்லை என்றே வைத்துக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்துவிடுவோம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிடு என்பார். ஒருநாள் அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "போன கப்பல்ல வந்த பாட்டுல வாசிச்சிருக்காக. உசுரோட இருக்கற மனுசனுக்குக் காரியம் பண்ணச் சொல்றியாண்ணே?" மாமா கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்த வருஷம் மைதானத்தில் ஒரு கலை விழாவுக்கு மெயின்லேண்டிலிருந்து பாட்டுக் குழு வந்திருந்தது. சாயங்காலம் நாங்கள் அந்தப் பக்கமாக நடந்து வந்தபோது உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பாட்டு இல்லை, வெறும் டிரம்ஸ் மட்டும் ஒலிபெருக்கியில் வந்தது. அம்மா நின்றாள். நானும் கேட்டுவிட்டேன். யோசனை வந்தது, மறுபடி வந்தது, திரும்பத் திரும்ப வந்தது.

அம்மா ஓடவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள், ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினாள், தன் தலையைக் கையால் படிய வைத்துக்கொண்டாள். "அப்பா வந்திருக்காக. மொதல்ல நீ போய்ப் பேசு, நான் கோவமா இருக்கேன்" என்றாள்.

மேடைக்கு ஏறும் படியில் யாரும் எங்களைத் தடுக்கவில்லை. மேடையில் டிரம்ஸ் செட் இருந்தது, அதன் மேல் துணி போர்த்தியிருந்தது, பின்னால் நாற்காலி காலியாக இருந்தது. ஆனால் தாளம் நிற்கவில்லை, காது அடைக்கும்படி அப்பா வாசித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பயம் இன்றுவரை முழுசாகப் போகவில்லை. சற்றுத் தள்ளி ஓர் இளைஞர் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"டிரம்ஸ் வாசிக்கிறவுக எங்க தம்பி?" என்று அம்மாவே கேட்டாள்.

"யாரும் வாசிக்கலக்கா, இதுதான்" என்று பக்கத்திலிருந்த சின்னப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "முன்னாடியே வாசிச்சு இதுல ஏத்தி வெச்சிருக்கு. பட்டனைத் தட்டினாப் போதும், அதுபாட்டுக்கு ஓடும். இப்பல்லாம் பாதிப் பாட்டுக்கு இதைத்தான் போடுறாங்க."

"வாசிச்சது யாரு?"

"ஒரு அண்ணன். ஸ்டுடியோவுல எல்லாரும் அந்தமான், அந்தமான்னுதான் கூப்பிடுவோம். என்ன தாளம் கேட்டாலும் வாசிப்பாரு. ஐதராபாத்துல உட்கார வெச்சு, அவருக்குத் தெரிஞ்ச அத்தனையும் வாசிக்கச் சொல்லிப் பதிஞ்சுக்கிட்டாங்க."

"எடது கையில கடைசி ரெண்டு வெரலு..." என்று அம்மா தொடங்கினாள்.

"மடங்காதுக்கா" என்றவர், அப்போதுதான் எங்களைச் சரியாகப் பார்த்தார். பழத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அப்பா மஞ்சள் காமாலையில் அங்கேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்றும், கூட வாசித்தவர்கள்தான் எடுத்துப்போட்டார்கள் என்றும், ஊரில் யாருக்குச் சொல்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். எப்போது என்று அம்மா கேட்டாள். "இந்தப் பெட்டி கடைக்கு வர்றதுக்கு முன்னாடியேக்கா" என்றார். அப்படியென்றால் நாங்கள் காதர் பாய் கல்லா முன்னால் நின்று கண்ணை மூடிக் கேட்டவற்றில் பெரும்பாலானவை அப்பா செத்த பிறகு வந்தவை.

தாளம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "அதைக் கொஞ்சம் நிறுத்துங்க தம்பி" என்றாள் அம்மா. அவர் பதறிப்போய் வேறு பட்டனைத் தட்ட, அப்பா வேகமாக வாசித்தார். பிறகுதான் நின்றது.

மாமா வந்தார். கடற்கரையில் காரியம் நடந்தது. நாங்கள் திக்லிபூர் போகவில்லை, அம்மா கேசட் கடைக்கும் பிறகு போகவில்லை. ஆனால் கேட்காமல் இருக்க அவளால் முடிந்ததா? சலூனில் கேட்டது, கோயில் ஒலிபெருக்கியில் கேட்டது, சிப்பிகாட் பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலிருந்து கேட்டது. செத்துப்போன மனிதர் ஊரெல்லாம் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் அந்தத் தாளம் வந்தால் அம்மா பாதி வழியிலேயே இறங்கி, வெயிலோ மழையோ, மீதியை நடந்தே வருவாள். காரியம் செய்தும் போகாதவரை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மரைன் ஹில்லில் அதே பழைய வீட்டில்தான் இப்போதும் இருக்கிறோம். காதர் பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். கேசட்டும் போனது, கப்பலுக்காகக் காத்திருந்து பாட்டுக் கேட்ட காலமும் போனது. அப்பா மட்டும் போகவில்லை. போன மாதம் என் மகனின் பள்ளி ஆண்டு விழாவில் சின்னப் பிள்ளைகள் வால் கட்டிக்கொண்டு ஆடிய பாட்டில் அவர் இருந்தார். தாத்தா என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன், அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அப்பாவின் கை எனக்கு அத்துப்படி, ஆயிரம் சத்தத்துக்கு நடுவிலும் அதைப் பிரித்துச் சொல்வேன். அவருடைய குரல் எனக்கு நினைவில்லை. அதை யாரும் எந்தப் பெட்டியிலும் பதிந்து வைக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "அப்பா என்னை எப்படிம்மா கூப்பிடுவாரு?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "இது தெரியாதா" என்று சிரித்தபடி என் பெயரைச் சொன்னாள். உடனே இல்லை என்று தலையசைத்தாள். கொஞ்சம் கட்டைக் குரலில் சொல்லிப் பார்த்தாள், இழுத்துச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் குரல்தான் வந்தது.