சங்கத்தின் முதல் படத்தை எடுத்தது நான்தான்

எங்கள் மாவட்ட ஒளிப்பதிவாளர் சங்கத்தின் வரலாற்றை இந்த வருட ஆண்டுவிழா மலருக்கு எழுதித் தரும்படி செயலாளர் என்னிடம் கேட்டார். "அரைப் பக்கம் போதும்க்கா, மீதியெல்லாம் விளம்பரம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதில் பாதியை வெட்டிவிட்டு, தலைவர் சால்வை வாங்கும் படத்தைப் பெரிதாகப் போட்டுக்கொண்டார்கள். வெட்டிய பாதிதான் உண்மையில் நடந்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சங்கம் பிறந்தது ஒரு அவமானத்தில். தனுஷ்கோடியில் ஒரு சினிமாப் படப்பிடிப்பு நடந்தது. இராமநாதபுரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற எங்கள் ஆட்கள் நாலைந்து பேர், கூடமாட உதவிக்குக் கூப்பிடுவார்கள் என்று கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள். அங்கே தொப்பி போட்ட ஒருவர், "சங்க கார்டு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும், கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டார். சென்னையில் சினிமா ஒளிப்பதிவாளர்களுக்கென்று சங்கம் இருக்கிறது, கார்டு இருக்கிறது, திரையில் பெயர் வரும்போது பெயருக்குப் பின்னால் சங்கத்தைக் குறிக்கும் எழுத்துகூட வருகிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எங்கள் ஆட்களுக்கு உறைத்தது. பகல் முழுக்க வெயிலில் கயிற்றுக்கு வெளியே நின்றுவிட்டு வந்தவர்கள், வந்த சூட்டோடு சங்கம் ஆரம்பித்தார்கள். முதல் வேலையாக, தாங்கள் யாரைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தலாம் என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

நான் கடலாடிப் பக்கத்துக்காரி. என்னைப் பெற்ற அய்யாவுக்கு மிளகாய்க் காடு. கல்யாணமாகி இராமநாதபுரம் வந்தபோது வீட்டுக்காரரிடம் ஒரு வீடியோ கேமரா இருந்தது. அதைப் பிடிப்பதைவிட அதைப் பற்றிப் பேசுவதில் அவர் கெட்டிக்காரர். ஆகவே பிடிக்கப் பழகினவள் நான். தொண்டி, கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கம் ஆம்பளைக் கேமராக்காரர் நுழைய முடியாது. அங்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கடை, போர்டு எதுவும் எனக்குக் கிடையாது. போன் அடிக்கும், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன்.

சங்கத்தின் முதல் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நடந்தது. நானும் போயிருந்தேன். பெயருக்குப் பின்னால் என்ன எழுத்து போடுவது என்பதில் கைகலப்பு வராத குறை. அது என்ன எழுத்து என்று இங்கே சொல்லமாட்டேன், மறுபடி பஞ்சாயத்து வேண்டாம். எழுத்து முடிவானதும் குரூப் போட்டோ என்றார்கள். "அக்கா எடுக்கட்டும், அக்கா பிரேமிங்தான் சுத்தம்" என்றார் செயலாளர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முன்வரிசைக்காரர்கள் காலில் என் நிழல் விழப் பார்த்தது. நான்தான் சுத்தமாக எடுப்பவளாயிற்றே, இரண்டடி தள்ளி நின்று நிழலே இல்லாமல் எடுத்தேன்.

கூட்டத்தில் பேசியதை எழுதி வைக்க வேண்டாமா என்று கேட்டேன். "நம்ம படம் எடுக்குறவுங்கக்கா, எழுதுறவுங்களா? படந்தான் ரெக்கார்டு" என்றார் செயலாளர். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதன்பிறகு எங்கள் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் எடுத்தவர் பெயருக்குப் பின்னால் எழுத்து வர ஆரம்பித்தது. ஒரு பெண்ணுடைய அப்பா தலைவரிடம், "இது டாக்டர் படிப்பு மாதிரியாய்யா?" என்று கேட்டிருக்கிறார். "அதுக்கும் மேல" என்று தலைவர் கூசாமல் சொன்னாராம்.

சங்கத்துக்குப் பலம் வந்ததும் மண்டபக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். இனிமேல் சங்க கார்டு உள்ளவர் மட்டும்தான் மண்டபத்துக்குள் கேமராவோடு வரலாம். முதல் படத்தில் இருக்கிறவர்களுக்குக் கேள்வி இல்லாமல் கார்டு உண்டு. மற்றவர்களுக்குச் சொந்தக் கடை இருக்க வேண்டும். நான் முதல் கூட்டத்து ஆள்தானே என்று தைரியமாகப் போனேன். தலைவர் சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"நீ இதுல இல்லையேம்மா."

"அண்ணே, எடுத்ததே நான்தானண்ணே."

"எடுத்தது சரி. இருக்கணும்ல?"

"எடுக்கணும்னா எதிர்லதான நிக்கணும்? உங்க பக்கத்துல எப்படி நிப்பேன்?"

"நியாயந்தான். ஆனா சங்கத்துக்கு ஆதாரம்னு ஒண்ணு வேணும்ல."

கேமராவுக்குப் பின்னால் நின்றே சோறு தின்கிற மனிதர்கள், கேமராவுக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள்! படத்தின் ஓரத்தில் வேப்பங்குழையை இழுத்துக்கொண்டு ஒரு ஆடு நின்றது. "ஏண்ணே, இந்த ஆடு இருக்கே, இதுக்குக் கார்டு குடுத்தாச்சா?" என்று கேட்டேன். செயலாளர் சிரித்துவிட்டார். தலைவர் முறைத்ததும் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். கார்டு மட்டும் கிடைக்கவில்லை. அன்று கொஞ்சம் மோசமாக எடுத்திருந்தால், என் நிழலாவது சாட்சி சொல்லியிருக்கும்.

அடுத்த மாதம் ஒரு தொண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம் இராமநாதபுரம் மண்டபத்தில். வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "கார்டு இல்லாம கேமரா உள்ள போகக் கூடாதுங்க, சங்கத்து உத்தரவு." பெண்ணின் அம்மாவே வாசலுக்கு ஓடி வந்தார். "பிள்ளை உடுத்தி முடிச்சு உனக்காக உக்காந்திருக்கு. யா அல்லாஹ், கார்டாவது ஒண்ணாவது, நீ உள்ள வாம்மா" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். வாட்ச்மேன் என் கேமராப் பையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உள்ளே, கார்டு வைத்திருந்த எங்கள் ஆட்கள் இரண்டு பேர் பெண்கள் பக்கத்துக் கதவுக்கு வெளியே நின்று கதவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் கல்யாணம் சொந்தக்காரர்களின் போனில் ஆடி ஆடிப் பதிவானது. நான் டவுன் பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு வந்தேன். அதன்பிறகு போன் செய்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "உங்களை மண்டபத்துல விடுவாங்களாம்மா?" என்றுதான். ஒவ்வொருவராகக் கேட்பதையும் நிறுத்தினார்கள். கேமராவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

இப்படி இருக்கும்போதுதான் செயலாளர் போன் செய்தார். "அக்கா, ராமேஸ்வரத்துல ஆண்டுவிழா. குரூப் போட்டோவுக்கு நீங்க வந்தே ஆகணும். உங்க பிரேமிங் யாருக்கு வரும்?" என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். "வாரேன் தம்பி" என்றேன்.

கடலை ஒட்டிய மண்டபம். வெளியே மணலில் நாற்காலி போட்டு, வெள்ளைச் சட்டையில் எல்லாரும் வரிசைகட்டி இருந்தார்கள். தலைவர் எழுந்து அறிவித்தார்: "பழைய படத்துல ஆடு மாடெல்லாம் நிக்கிதுன்னு ஆளாளுக்குக் கேலி பேசுறீங்க. இன்னைக்கு எடுக்குற படந்தான் இனி ஆதாரம். இதுல இருக்குறவுங்களுக்குப் புதுக் கார்டு. பழைய கார்டு செல்லாது." கைதட்டல். "எடும்மா" என்றார் என்னைப் பார்த்து.

தலைவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. டர்க்கித் துண்டு விரித்து, சிறப்பு விருந்தினருக்காக வைத்திருந்தார்கள். அவர் வரவில்லை. நான் போய் அதில் உட்கார்ந்தேன். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, "எடுங்கப்பா யாராச்சும்" என்றேன்.

தலைவர் செயலாளரைப் பார்த்தார். "ஏலே, நீ போயி எடு."

"அண்ணே, நான் எடுத்தா நான் படத்துல இருக்க மாட்டேனே!"

"ஏன் தம்பி, எடுத்தவருக்கு ஆதாரம் இருக்காதா?" என்று கேட்டேன்.

ஒருவர் ஸ்டாண்டில் கேமராவை வைத்து டைமர் போட்டார். ராமேஸ்வரத்துக் காற்றுக்கு டைமர் தெரியுமா? ஸ்டாண்டு சாய்ந்து கேமரா மணலில் குப்புற விழுந்தது. டிரோன் விடலாம் என்றார் இன்னொருவர். கடற்படை இருக்கிற பக்கம், அனுமதி இல்லாமல் விட்டால் படத்துக்குப் பதிலாக ஆளைத் தூக்கிப் போவார்கள் என்று அவரை உட்கார வைத்தார்கள். மாவட்டத்தின் அத்தனை கேமராக்காரர்களும் ஓரிடத்தில் இருந்தும், ஒரு படம் எடுக்க ஆளில்லை.

கடைசியில், டீக் கேனோடு வந்தவரைக் கூப்பிட்டுச் செயலாளர் தன் போனைக் கொடுத்தார். "எங்கன அமுக்கணும்?" என்று கேட்டார் அவர். எல்லாரும் ஒரே நேரத்தில் பாடம் எடுத்தார்கள். மனிதர் மிரண்டுபோய் அமுக்கினார். படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தலைவருக்குப் புருவத்துக்கு மேல் எதுவுமில்லை. ஓரத்தில் டீக்காரரின் கட்டைவிரல் பெரிதாக விழுந்திருக்கிறது. நடுவில் நான் முழுதாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டு இருக்கிறேன். வேறு வழியில்லாமல் அதைத்தான் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

கார்டு வந்தது. தொண்டியிலிருந்து மறுபடி போனும் வந்தது. பழைய படம் இந்த வருட மலரில் இடம்பெற்றிருக்கிறது. அதன் கீழே 'கோப்புப் படம்' என்று போட்டிருக்கிறார்கள்.

இப்போதும் சங்கத்துக் குரூப் போட்டோ என்றால், கார்டுக்கு ஆதாரமான படத்தை வெளியாள் யாராவது எடுத்து முடித்தபின், நல்ல படத்துக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வெயிலை முதுகுக்குப் பின்னால் விட்டு, முன்வரிசைக் கால்களின் மேல் என் நிழல் நன்றாக நீண்டு விழும்படி நின்றுகொள்கிறேன்.

"அக்கா, நிழல் விழுது" என்று கத்துகிறார்கள்.

"விழட்டும்ப்பா, அது நான்தான்" என்று சொல்லிவிட்டு அமுக்குகிறேன்.