பூவிழி எடுத்த குவாரிப் படம்

என் சித்தி மகள் பூவிழி தருமபுரியில் மாஸ் கம்யூனிகேஷன் கடைசி வருஷம். பென்னாகரம் பக்கத்து ஊரிலிருந்து காலை பஸ்ஸில் நின்றுகொண்டே போவாள். யாராவது வேண்டுமென்று இடித்தால் முதலில் அறைவாள், பிறகுதான் பேச்சு. "டிவில நியூஸ் வாசிக்கப் போறியா கண்ணு?" என்று கேட்டால், "வாசிக்கறவங்களுக்கு ஒருத்தர் நியூஸ் எடுத்தாந்து குடுக்கணுமில்லீங்க, அது நானு" என்பாள். நான் இருப்பது ஷார்ஜாவில். அவள் போன் எடுக்காத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

கடைசி செமஸ்டர் ஆவணப்படத்துக்கு ஊருக்கு மேற்கேயுள்ள கல்குவாரியை எடுத்துக்கொண்டாள். அங்கே வெடி வைத்தபோது பாறை விழுந்து, குவாரியில் வேலை செய்த மாது, ஊர்க் கிழவி சென்னம்மாளின் மகன், செத்திருந்தான். குடித்துவிட்டுப் பள்ளத்தில் விழுந்தான் என்று குவாரிக்காரர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். உடம்பை அள்ளி வந்த கோணிப்பையைச் சென்னம்மாள் பிரித்துப் பார்த்திருந்தாள்.

"குடிச்சவனுக்கு நெஞ்சு எப்பிடிம்மா பொளக்கும்?" என்று கேமராவிடம் கேட்டாள்.

வகுப்பில் சொன்னபடி பூவிழி அவள் முகத்தை மங்கலாக்கினாள். குரலை மாற்றினால் படத்தில் உயிர் இருக்காது என்று அதை அப்படியே விட்டாள். ஒரு நிமிஷத் துண்டை ஸ்டேட்டஸில் போட்டாள். அந்த ஊரில் கன்னடம் பேசும் வீடு ஒன்றுதான். பேச்சுக்கு நடுவே 'நன்ன மக' என்று மகனைச் சொல்லி அழுகிறவளும் ஒருத்திதான்.

மறுநாள் பட்டப்பகலில் குவாரி மேஸ்திரி கலைவாணன் வந்தான். சம்மட்டிக் காம்பால் சென்னம்மாளின் முழங்கையில் அடித்தான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பூவிழி கேமராவோடு ஓடிவந்தபோது வாசலில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க டைரக்டரம்மா."

முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் வாய் முழுக்க ரத்தம். கல்லூரிக் கேமராவை மிதித்து நொறுக்கினான்.

"படம் கிடம்னு வெளிய வந்துச்சு, கெழவி மண்டையப் பொளந்துடுவேன். உன்னுது இல்ல, அவளுது."

காலேஜ் கம்ப்யூட்டரில் படம் முழுசாக இருந்தது. பெரியாஸ்பத்திரி வார்டில், கட்டுப் போட்ட கையைப் பார்த்துப் பூவிழி சொன்னாள்: "அழிச்சிடறேன் ஆத்தா. என்னாலதான் இதெல்லாம்."

"அழிச்சா எம்மவன் குடிகாரனாவே போயிடுவான். மூஞ்சியத் தொறந்து வுடு. பேரும் போடு."

"கொன்னுடுவான் ஆத்தா."

"இப்பக் கொன்னா, கெழவி கெணத்துல வுளுந்தாம்பானுங்க. பேரு தெரிஞ்சா அப்பிடிச் சொல்ல முடியாதில்ல. போன எடு, கையையும் சேத்து எடு."

பூவிழி எடுத்தாள். சென்னம்மாள் தன் பேரையும் மகன் பேரையும் சொல்லி முடிப்பதற்குள் கலைவாணன் வார்டுக்குள் வந்துவிட்டான். பூவிழி போனை அவன் பக்கம் திருப்பினாள்.

"உங்க பேரச் சொல்லுங்கண்ணா."

அவன் கையை ஓங்கியது வரைக்கும் அவள் போனில் இருக்கிறது. அந்த அடியில் அவளுக்கு இடது காது இன்றுவரை கேட்கவில்லை. அவள் கீழே விழுந்ததையும், அவன் வயிற்றில் உதைத்ததையும் பக்கத்துக் கட்டில்காரர்கள் ஆளுக்கொரு போனில் எடுத்தார்கள்.