நாலு காட்டிய மீட்டர்

என் தங்கை பதினாறு வருடம் ஒரு சலவை ஆலையில் இஸ்திரி போட்டாள். மருத்துவமனைப் போர்வைகள், விடுதி விரிப்புகள், காவலாளிகளின் சட்டைகள். காலரில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும் போதும், தண்ணீர் தெளித்து முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மேற்பார்வையாளர் ஒருநாள்கூட அவள் தேய்த்ததைத் திருப்பி அனுப்பியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய்.

சாயங்காலம் ஆனால் அவள் வேறு ஆள். நாலு பேர் கொண்ட இசைக் குழுவில் கிட்டார் வாசித்தாள். டிரம்ஸ் அடித்தவர் பேருந்து ஓட்டுநர். பேஸ் கிட்டார் வாசித்தவர் மருந்துக்கடைக்காரர். பாடியவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். மேடை ஏறும் நாளில் எல்லாருடைய உடுப்பையும் இவள்தான் தேய்த்துக் கொடுப்பாள் என்பதால் அங்கே இவள் பெயர் ‘இஸ்திரியக்கா’.

எங்கள் வீடு மாடியில் இருந்தது. கீழே மோட்டார் பட்டறை, எனக்கு அங்கேதான் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி, எத்தனை சுற்று என்று எண்ணிப் புதுக்கம்பி சுற்றுவேன். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் மறுபடி பிரிப்பேன். பட்டறையில் என்னை ‘மைக்ரோமீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

தங்கை வாசித்தது ஓட்டுநர் இரவலாகக் கொடுத்த பழைய கிட்டார். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் அதில் ஒற்றைக் காயில், ஒரே கம்பிச்சுருள். கீழே நான் ஒரு மோட்டாரை ஓட்டினால் போதும், மேலே அவள் ஸ்பீக்கர் பெட்டிக்குள் வண்டு புகுந்ததுபோல் இரைச்சல் கேட்கும். மாடிப்படியில் நின்று கத்துவாள்.

“அண்ணா! உன் மோட்டாரும் எங்க குழுவுல சேந்துடுச்சா? சேந்ததுதான் சேந்துச்சு, சுருதியையாவது சேத்துக்கச் சொல்லு!”

அவளே ஒரு மெட்டு அமைத்திருந்தாள். வார்த்தை கிடையாது, கிட்டார் மட்டும், ஆறு நிமிடம். கடைசியில் விரல்கள் கிட்டார்க் கழுத்தின் உச்சிவரை ஓடும் ஒரு வேகமான பகுதி வரும். சுண்டுவிரல் இல்லாமல் அது நடக்காது. கூரை வழியாகக் கேட்டுக் கேட்டு எனக்கு அது மனப்பாடம்.

போன வருடம் அவளுடைய இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போயின. முழங்கையை மேஜையில் ஊன்றியே இத்தனை வருடம் துணியை விரித்ததில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தால் மேலும் கெடாமல் நிறுத்தலாம், ஆனால் கை பல வாரம் கட்டுப் போட்டபடி இருக்கும், போன பிடிப்பு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

குழுவின் பத்தாம் ஆண்டு நிகழ்ச்சிக்கு அப்போது ஐந்து மாதம் இருந்தது.

“ஒரே ஒரு தடவை என் சொந்தக் கிட்டார்ல, இரைச்சல் இல்லாம, அதை முழுசா வாசிச்சிடறேண்ணா. அப்புறம் கையை டாக்டர்கிட்ட குடுத்துடலாம்” என்றாள்.

கிட்டார் தேடுவது என் பொறுப்பு ஆயிற்று. ஹம்பக்கர் பிக்கப் வைத்ததுதான் வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்தோம். அதில் இரண்டு காயில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்றுக்கொன்று எதிராக. வெளியிலிருந்து வரும் இரைச்சலை ஒன்று கூட்டினால் மற்றது கழித்துவிடும். கம்பியின் நாதம் மட்டும் தங்கும். இதைக் கண்டுபிடித்தவர் என் பட்டறைக்கு மேல் குடியிருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

விலை அவளுடைய ஒரு மாதச் சம்பளத்துக்குள் இருக்க வேண்டும். எடை குறைவாக, கழுத்து ஒல்லியாக இருக்க வேண்டும். ஒரு நோட்டு, தராசு, காலிப்பர், மல்டிமீட்டர் எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனோம். ஒரு கடைக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“சார், கிட்டார் வாங்க வந்தீங்களா, பிரேதப் பரிசோதனைக்கு வந்தீங்களா?”

தங்கை சிரித்தாள். நான் அடுத்த கிட்டாரில் மீட்டரை வைத்தேன். நல்ல ஹம்பக்கர் எல்லாம் இரண்டு காயிலுக்கும் சேர்த்து ஏழரை, எட்டு கிலோ ஓம் மின்தடை காட்டின. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், பழைய ஃபிரிட்ஜும் நாற்காலியும் விற்கும் ஒரு கடையில் கரும்பச்சை நிறத்தில் ஒன்று தொங்கியது. மூன்றரைக் கிலோகூட இல்லை. தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்தாள். மரத்துப்போன சுண்டுவிரல் தடுமாறாமல் போய் உச்சியில் நின்றது.

“அண்ணா, இதுல கை தானா போய் உக்காருது.”

கடையில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் செருகினோம். இரைந்தது. நான் மீட்டரை வைத்தேன். நாலு காட்டியது. ஒலி கூட்டும் குமிழை முழுக்கத் திருப்பி மறுபடி வைத்தேன். நாலுதான்.

இருபத்தெட்டு வருடமாகப் பார்க்கிறேன். பாதி காட்டினால் பாதி செத்தது என்று அர்த்தம்.

“ஒரு காயில் போயிடுச்சு. வேணாம்மா.”

“வாங்கிட்டு நீயே சுத்திக் குடேன்.”

“முடியைவிட மெல்லிசு கம்பி, ஆயிரக்கணக்குல சுத்தணும். என் மிஷின்ல ஓடாது. இன்னும் நாலு மாசம் இருக்கு, பழுதில்லாததா பாப்போம்.”

அவள் அதைத் துடைத்து, இருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தாள்.

மேலும் மூன்று மாதம் தேடினேன். அதுவரை அவள் பழைய கிட்டாரின் தடித்த கழுத்தோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் ஒன்று வாங்கினோம். மீட்டர் சரியாக எட்டு காட்டியது. எடை கொஞ்சம் கூடுதல். ஸ்பீக்கர் வயர் செருகும் துளை தளர்ந்திருந்ததால் வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் வேலை செய்துகொண்டே அதன் குமிழைப் பிடித்து மேலே இழுத்தார். டக் என்று ஒரு விரற்கடை எழும்பியது.

“இது என்னங்க?”

“வேணும்னா ஒரு காயிலை அணைச்சு வைக்கலாம். சத்தம் மெல்லிசா வரும். கொஞ்சம் இரையும். அமுக்கினா ரெண்டும் வேலை செய்யும். இப்பல்லாம் விலை குறைஞ்ச கிட்டார்லயே வருதே.”

மீட்டரை வைத்துப் பார்த்தேன். நாலு. குமிழை அமுக்கினேன். எட்டு.

நேராகப் பழைய சாமான் கடைக்கு ஓடினேன். ஆணி மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது தங்கை நிகழ்ச்சிக்கான சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன்.

“அப்ப அது சாகலையா?”

“இல்லம்மா. குமிழ் மேல இழுத்திருந்திருக்கு. நான்தான் திருப்பினேனே தவிர அமுக்கிப் பாக்கல.”

“மைக்ரோமீட்டரே ஏமாந்துடுச்சா!” என்று சிரித்தாள். அடுத்த சட்டையை எடுத்தாள். ஒரு கையைத் தேய்த்து முடித்த பிறகு கேட்டாள். “யாரு வாங்கிட்டுப் போனாங்களாம்?”

“யாரோ காலேஜ் பொண்ணாம்.”

“நல்லா வாசிக்கட்டும்.”

நிகழ்ச்சியன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரைச்சல் துளியும் இல்லை. ஒவ்வொரு சுரமும் துடைத்து வைத்ததுபோல் வந்தது. ஐந்து நிமிடம் தாண்டி அந்தக் கடைசிப் பகுதி ஆரம்பித்தது. பாதி தூரம் ஏறியவள் நின்றாள். சுண்டுவிரல் இரண்டு முறை கம்பியைத் தேடியதைப் பார்த்தேன். அவள் மருந்துக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் புரிந்துகொண்டு மெட்டின் முதல் வரியைத் தன் பேஸில் எடுத்தார். அப்படியே முடித்துவிட்டார்கள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஏதோ விட்டுப்போனது என்று அங்கே யாருக்கும் தெரியாது. நானும் எழுந்து தட்டினேன்.

“பின்னிட்டீங்க இஸ்திரியக்கா!” என்றார் ஓட்டுநர். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் ஆபரேஷனுக்குப் பையை அடுக்கி வைத்துவிட்டு, கிட்டாரை என் முன்னால் கிடத்தினாள்.

“கம்பியத் தளத்தி வெச்சிடுண்ணா. இழுத்துக் கட்டினபடியே ரொம்ப நாள் கிடந்தா கழுத்து வளைஞ்சிடும்.”

“ரொம்ப நாள் எதுக்குக் கிடக்கப் போவுது? கட்டைப் பிரிச்சதும் நீ…”

“தளத்துண்ணா. எனக்கு அந்த முறுக்காணி திருக வரல.”

தடித்த கம்பியிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொன்றைத் தளர்த்தும்போதும் மீட்டிக்கொண்டே தளர்த்தச் சொன்னாள். நாதம் இறங்கி இறங்கி, கம்பி தொய்ந்து மரத்தில் தட்டும் வரை கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைக் காட்டினாள். ஆறும் முடிந்ததும் கிட்டார்ப் பெட்டியை அவளே மூடினாள், வலது கையால்.