சடங்கு வாரத்தில் பெட்டி கேட்ட அப்போதிக்கரி ஐயா

அப்போதிக்கரி ஞானமுத்து ஐயா காலமான செய்தியை ஏறாவூர் மீன் வியாபாரி ஒருவர்தான் கொண்டுவந்தார். சைக்கிளை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார். அடக்கம் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. எங்கள் ஊரில் ஒருவரும் ஐயோ என்று வாய் திறக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் வாவிக்கரை டிஸ்பென்சரிக்கு அவர் வந்தார். டாக்டர் இல்லாத ஊருக்கு டாக்டர் அவர்தான். நான் அங்கே பிரசவம் பார்க்கிற மருத்துவமாது. காய்ச்சலென்று வந்தாலும், காலில் முள்ளென்று வந்தாலும், நாற்பது தாண்டியவர்களிடம் ஒரு கேள்வி கேட்பார்: "வெளிக்குப் போகக்குள்ள ரத்தம் படுதா?"

மூலச்சூடு என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஐயாவுக்குச் சிரிப்பு வராது. அவருடைய தகப்பனாரும் மூலச்சூடு என்று சொல்லிச் சொல்லியே குடல் புற்றுநோயில் போனவர். "நோ வந்தாப் பிறகு நான் என்ன செய்யிற? நோ வர முந்தி வாங்க" என்பார்.

டவுன் ஆஸ்பத்திரியில் தெரிந்தவரிடம் ஒரு மருந்து வாங்கிவந்தார். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் நீலம் காட்டும் மருந்து. ஆனால் மூன்று நாள் மீன், இறைச்சி தொடக்கூடாது. தொட்டால் அதற்கும் நீலம் காட்டிவிடும். மீனில்லாமல் சோறு இறங்காத ஊரில் நடக்கிற காரியமா? சர்ச்சுக்குப் போகிற வேதக்காரரான ஐயாதான் வழி கண்டார். வருடச் சடங்குக்குக் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தால், கடைசிநாள் குளிர்த்தி முடியுமட்டும் எங்கள் ஊரில் மீன்சட்டி அடுப்பேறாது. அந்த வாரம் குச்சி தீர்ந்த நெருப்புப் பெட்டிகளை வீடு வீடாகக் கொடுத்து, மலம் வைத்துத் தரும்படி கேட்டார்.

சடங்கு நேரத்தில் இந்த அசிங்கமா என்று ஏசினார்கள். முதல் பெட்டியைக் கொடுத்தவர் என் அண்ணன், கோயில் வண்ணக்கர். கோயில் பொறுப்பாளரே கொடுத்தபின் மற்றவர்களும் கொடுத்தார்கள். நீலம் காட்டியது அண்ணனுடைய பெட்டி.

"புள்ள, வண்ணக்கர் மீன் தொடமாட்டார். இது ரத்தந்தான். டவுனுக்குக் கூட்டிப் போ" என்றார் ஐயா.

நான் படித்த மடைச்சி. அண்ணனுடைய பெட்டி நீலம் காட்டியதைக் கிணற்றடியில் நாலு பெண்கள் கேட்க அவர் மனைவியிடம், என் மச்சாளிடம், சொன்னேன். பின்னேரத்துக்குள் ஊரெல்லாம் கதை: வண்ணக்கர் சடங்குக்குள் மீன் தின்றாராம், மருந்து காட்டிக்கொடுத்ததாம்! நோயைப் பிடிக்கிற மருந்தை விரதம் முறித்தவனைப் பிடிக்கிற மருந்தாக்கிவிட்டார்கள். கொடுத்தவர்களெல்லாம் பெட்டியைத் திருப்பிக் கேட்டு வந்து நின்றார்கள்.

கோயில் வீதியில் கூட்டம் கூடியது. அண்ணன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்: தான் மீன் தொடவில்லை, மருந்துதான் பொய். ஐயா எவ்வளவோ விளக்கினார். கடைசியில் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு புள்ள. நீ சொன்னாக் கேப்பாங்க."

அண்ணனும் பொய் சொல்லவில்லை, மருந்தும் பொய் சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். ஊருக்குப் பயந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐயாவுக்கு எதிராக மேலிடத்துக்குப் பெட்டிசம் போனது. ஐயாவை உன்னிச்சைப் பக்கம் மாற்றினார்கள். மருந்து பொய்யென்று சத்தியம் செய்த மனிதர் அந்த மருந்தை நம்பி டவுனுக்குப் போவாரா? எங்கே கண்டாலும் ஐயா அண்ணனைத்தான் விசாரிப்பார். டவுன் டாக்டரிடம் காட்டினவர், சுகமாக இருக்கிறார் என்று நான் புளுகினேன். இரண்டாம் வருடம் குடல் அடைத்து அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

செத்தவீட்டுக்கு ஐயா வந்தார். என்னை ஏசியிருந்தால் ஆறியிருக்கும். ஏசவில்லை. "ஒரு வயித்துப் புள்ளைகள். உனக்கும் நாப்பதாகுது. நீயாவது வந்து காட்டு" என்றார்.

நான் போகவில்லை. எட்டு வருடமாகிறது.

ஐயா, திங்கட்கிழமை காலை பஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். எங்கே போகிறாய் என்று பஸ்ஸில் கேட்பார்கள். என்ன சோதனைக்கென்று சத்தமாகச் சொல்லுவேன். அண்ணன் மீன் தொடவில்லை என்றும் சொல்லுவேன். கேட்க வேண்டிய இருவரும் இப்போது இல்லை. போய் வாருங்கள் ஐயா.